கால் தேறும் வரை புல்தரையை யார் பார்ப்பது?

சிறுதொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கோவை வடவள்ளி, மருதமலை சாலைப் பகுதியில் 12 தனி வீடுகளின் புல்தரைகளைப் பராமரிக்கும் வேலையைத் தனி ஆளாகச் செய்து வருகிறேன். ஒரு வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய். மாதத்தில் இரண்டு முறை புல் வெட்டி, களை எடுத்து, ஓரம் திருத்தி, உரம் இட்டுத் தருவேன். ஜூலைக் கடைசியில் ஒரு வீட்டின் சரிவான புல்தரையில் ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் (உலோகத் தகடு) வைத்திருக்கிறார்கள். இப்போது ஆறு வாரம் கடந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருவதாகவும், மெல்ல மெல்லக் காலூன்றலாம் என்றும் மருத்துவர் சொல்கிறார். மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். தெரிந்த தம்பி ஒருவர் நாளுக்கு 900 ரூபாய் கூலிக்கு வரத் தயாராக இருக்கிறார்; அவரை விட்டால் வீடுகளை அவரே பிடித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. அக்டோபர் முதல் நானே மோவரை (புல் வெட்டும் இயந்திரத்தை) தள்ளத் தொடங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: அக்டோபரில் தொடங்க வேண்டாம். மோவரை நீங்கள் தள்ளும் மாதம் ஜனவரியாக இருக்கட்டும். ஆனால் தொழிலை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். இவை இரண்டும் ஒன்றாக நடக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவர் சொன்ன ‘காலூன்றலாம்’ என்பதை ‘வேலை செய்யலாம்’ என்று மனம் எடுத்துக்கொள்வது இயல்பு. கணுக்கால் எலும்பு கூடிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் கட்டுக்குள் அசையாமல் கிடந்த காலில் கெண்டைத்தசை மெலிந்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும், மேடு பள்ளத்தில் பாதம் சற்றுத் திரும்பினால் உடனே சுதாரித்து நிலைநிறுத்தும் உணர்வு மழுங்கியிருக்கும். இவை திரும்புவதற்கு எலும்பு கூடுவதைவிட அதிக காலம் பிடிக்கும். நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர் இரண்டு மூன்று மாதத்தில் அலுவலகம் போய்விடலாம். நாள் முழுதும் புல்தரையில் நடந்து, 30 கிலோ அளவுள்ள பெட்ரோல் மோவரைத் தள்ளித் திருப்பி, வண்டியில் ஏற்றி இறக்குகிறவருக்கு நான்கு முதல் ஆறு மாதம் தேவைப்படுவது சாதாரணம். மாலையில் கால் வீங்குவது அதற்குப் பிறகும் சில மாதங்கள் தொடரலாம். அதைக் கண்டு பதற வேண்டாம்.

அடுத்தது பருவம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலோ பிற்பகுதியிலோ தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். கோவையில் புல் மிக வேகமாக வளர்வதும் அப்போதுதான், தரை மிக அதிகமாக வழுக்குவதும் அப்போதுதான். நீங்கள் விழுந்ததும் ஈரச் சரிவில்தான். தேறாத காலோடு அதே ஈரத்துக்கு, அதுவும் வேலைப்பளு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜனவரியில் தரை காய்ந்திருக்கும், இரவுக் குளிரில் கொரியன் புல்லும் மெக்சிகன் புல்லும் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டிருக்கும், வெட்ட வேண்டிய இடைவெளி தானாகவே நீளும். ஒரு தேறிய கால் வேலைக்குத் திரும்ப இதைவிட நல்ல மாதம் நம் பகுதியில் இல்லை. ஜூலைக் கடைசியிலிருந்து எண்ணினால் அப்போது ஐந்து மாதம் கடந்திருக்கும்; கணக்கும் ஒத்துவருகிறது.

இனி, அந்தத் தம்பியைப் பற்றிய பயம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று வைத்தால் 12 வீட்டுக்கு இரண்டு சுற்று வெட்ட எட்டு நாள்; கூலி 7,200 ரூபாய். மழை மாதத்தில் மூன்று சுற்று தேவைப்பட்டால் 12 நாள், 10,800 ரூபாய். பெட்ரோலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் 1,500 ரூபாய் ஒதுக்கினாலும், உங்கள் 24,000 ரூபாயில் மழை மாதத்தில் 11,700 ரூபாயும் மற்ற மாதத்தில் 15,300 ரூபாயும் வீட்டுக்கு வரும். பாதிக்கும் சற்றுக் கூடவோ குறையவோ வருமானம். குடும்பத்துக்கு அது நெருக்கடிதான், மறுக்கவில்லை. ஆனால் வீடுகளை இழந்துவிட்டு ஜனவரியில் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்பதோடு ஒப்பிட்டால், இந்த நான்கு மாதக் குறைவு தாங்கக்கூடியது.

கூலிக்கு ஆள் விடுவதும் வீடுகளைக் கைவிடுவதும் ஒன்றல்ல. வீட்டுக்காரர் உங்களிடம் வாங்குவது வெறும் புல் வெட்டு அல்ல. எந்த வீட்டில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், யார் வீட்டு நாய் எங்கே புல்லைப் பறிக்கும், வேப்பமர நிழலில் மெக்சிகன் புல் ஏன் மெலிந்துபோகிறது, கோரை எங்கிருந்து பரவத் தொடங்கியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. ஆகவே பராமரிப்பின் பொறுப்பு உங்களிடம் இருக்க வேண்டும், உழைப்பு மட்டும் கைமாற வேண்டும். வெட்டும் நாளை வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பதும், வெட்டு உயரத்தை முடிவு செய்வதும், மாதத் தொகையைப் பெறுவதும் நீங்களாக இருங்கள். தம்பிக்குக் கூலியை அன்றன்றைக்கே, குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். இயந்திரம் உங்களுடையது என்பதால் அதில் அவருக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமை: பூட்ஸ் இல்லாமல் மோவரைத் தொடக்கூடாது, பிளேடில் சிக்கிய புல்லை எடுக்கும் முன் இன்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்ற வேண்டும், மோவரைத் தன்னை நோக்கிப் பின்னால் இழுக்கக்கூடாது, சரிவில் மேலும் கீழுமாகப் போகாமல் குறுக்காகத்தான் தள்ள வேண்டும், ஈரம் காயாத சரிவைத் தொடவே கூடாது. நீங்கள் விழுந்ததைச் சொல்லியே இதைச் சொல்லிக்கொடுங்கள், கேட்பார். முறையாகக் கூலி வாங்கி, மரியாதையாக நடத்தப்படுகிறவர் பெரும்பாலும் வீட்டைப் பறிக்க நினைப்பதில்லை. ஜனவரிக்குப் பிறகும் மழைக் காலங்களில் அவரை அழைப்பேன் என்று இப்போதே வாக்குக் கொடுத்தால், உங்களோடு நிற்பதில் அவருக்கும் ஒரு நன்மை இருக்கும்.

வேறு ஆளைப் பார்க்கப் போகும் மூன்று வீட்டாரிடமும் தொலைபேசியில் பேசாமல், ஊன்றுகோலோடு ஆட்டோவில் என்றாலும் ஒரு முறை நேரில் போய் வாருங்கள். இரக்கம் கேட்பதற்காகச் சொல்லவில்லை. ‘இந்தத் தேதியில் ஆள் வருவார், வெட்டி முடித்ததும் நான் வந்து பார்ப்பேன், திருப்தி இல்லையென்றால் அந்த மாதத் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலிருந்து நானே வருவேன்’ என்று தெளிவாகச் சொன்னால் அவர்கள் முடிவை மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வீட்டுக்காரர்களை விரட்டுவது உங்கள் காயம் அல்ல, அடுத்து யார் எப்போது வருவார் என்று தெரியாத நிலைதான்.

வெட்டப்படாத நாட்களில் நீங்கள் செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நம் ஊரில் களை எடுப்பதென்றால் குந்தி உட்கார்ந்துதான் எடுப்போம். குந்தும்போது கணுக்கால் முழுதும் மடிகிறது. பிளேட் வைத்த மூட்டால் இப்போதைக்கு அது முடியாது, வலிந்து செய்தால் கெடும். உயரம் குறைந்த ஒரு முக்காலியில் அமர்ந்து, வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, களைக்கொத்தால் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். கையால் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி, மழைக்கு ஒன்றுக்கு நாலாக முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து சிறிது நடந்துவிட்டு, வீடு திரும்பியதும் காலை இதயத்தைவிட உயரமாகத் தலையணைமேல் வைத்துப் படுங்கள். தொட்டிச் செடிகளைத் திருத்துவது, சொட்டுநீர்க் குழாய் அடைப்பை நீக்குவது, பிளேடு தீட்டுவது, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது எல்லாம் அமர்ந்தே செய்யும் வேலைகள். தீட்டாத பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும். இரண்டு நாளில் நுனி பழுப்பேறும். ஆள் மாறியதால் வேலை கெட்டது என்று வீட்டுக்காரர் நினைப்பார். அந்தப் பெயர் வராமல் காப்பது உங்கள் கை.

மழை மாதங்களில் யூரியாவை நிறுத்திவையுங்கள். தழைச்சத்தைக் கொட்டி வளரவிட்டு, அதை வெட்டக் கூலியும் கொடுப்பது இந்த ஆண்டு உங்களுக்குக் கட்டாது. வெட்டிய புல்லைச் சாக்கில் அள்ளிச் சுமப்பதற்குப் பதிலாக, அடிக்கடி, சிறிது சிறிதாக வெட்டித் தரையிலேயே உதிரவிடலாம்; பொடியாக விழும் புல் மட்கி, தழைச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். நீளமாக வளர்ந்ததை வெட்டினால் மட்டும் அள்ளியாக வேண்டும். இல்லையேல் அடியில் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஜனவரி என்று சொன்னேன். ஆனால் நாள்காட்டி அனுமதி தரக்கூடாது, கால்தான் தர வேண்டும். பிசியோதெரபி செய்பவரிடம், ‘நான் சரிவில் இயந்திரம் தள்ளுகிறவன்’ என்று சொல்லி அதற்கேற்ற பயிற்சியைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் தெருவில் நடக்கும் அளவுக்குத் தேறியதும் பயிற்சி முடிந்ததாக அவர் எண்ணிக்கொள்ளக்கூடும். வலது காலில் மட்டும் அரை நிமிடம் தடுமாறாமல் நிற்க முடிகிறதா, அதே காலில் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் பல முறை எழ முடிகிறதா, நொண்டாமல் மாடிப்படி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றும் கூடிவந்தால் முதல் வாரம் சமதளமாக உள்ள, சிறிய ஒரே ஒரு வீட்டை வெட்டுங்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் இரண்டு கணுக்காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாலை வீக்கம் இரவோடு வடிந்திருந்தால் நேற்றைய வேலை உங்கள் அளவுக்குள் இருந்தது. காலையிலும் வீங்கியிருந்தால் அது அளவு மீறியது, அடுத்த முறை குறைக்க வேண்டும். சரிவுள்ள வீடுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

லோடு ஆட்டோ ஓட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். பிரேக்கை மிதிப்பது உங்கள் வலது கால்தான். திடீரென்று ஓங்கி மிதிக்கும் வலிமை, நடக்கத் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் கழித்தே வருகிறது. மருத்துவர் வெளிப்படையாக ‘ஓட்டலாம்’ என்று சொல்லும் வரை பொறுங்கள். வீடுகள் நெருக்கமாக உள்ள லேஅவுட்டில், அனுமதி கேட்டு ஒரு வீட்டின் ஷெட்டிலோ வாட்ச்மேன் அறையை ஒட்டியோ மோவரை வைத்துவிட்டால், ஏற்றி இறக்கும் பாடே பாதியாகக் குறையும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தூக்காதீர்கள்; நீளமான இரண்டு பலகை போட்டு உருட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லாமல் விடக்கூடாது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். வலி தெரியாமல் போவதால் காலை மேலும் கெடுத்துக்கொள்வீர்கள். வியர்வை கொட்டும் வேலையில் உடலில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால் இந்த மாதங்களிலாவது விடுங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்துகிறது. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: என் கணவரும் தோட்ட வேலை செய்பவர்தான். ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை தசைநார் கிழிந்து வீட்டில் இருக்கிறார். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அதில் பணம் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கிடைக்குமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் கணவரின் காயத்துக்கு அதில் பணம் கிடைக்காது. 2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்தில் உயிரிழப்போ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் தருகிறது. தேறிவிடக்கூடிய முறிவுக்கும் கிழிவுக்கும் அதில் இடமில்லை. அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். அதன் பயன் வேறு.

சிகிச்சைச் செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். தோளுக்கு அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், சேரும் முன்னரே அந்தச் சிகிச்சை திட்டத்தில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு அந்த இடத்தை நிரப்புகிறது. தனியாகத் தொழில் செய்கிறவர் அதில் சேர முடியாது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் ‘தற்காலிக முழு இயலாமை’ என்ற பிரிவையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டால், வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வாரந்தோறும் ஒரு தொகை கிடைக்கும். பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்ற அளவில், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு அது இருக்கும். இப்போதைய காயத்துக்கு அது பயன்படாது. அவர் தேறி வேலைக்குத் திரும்பும் முன் எடுத்துவிட வேண்டிய காப்பீடு அதுதான். விண்ணப்பத்தில் தொழிலை மறைக்காமல், இயந்திரம் கையாளும் தோட்ட வேலை என்றே எழுதுங்கள்; மறைத்தால் கேட்கும் நேரத்தில் பணம் வராது. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவுத் தளத்திலும் அவர் பதிவு செய்யாதிருந்தால், வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் இரண்டையும் முடித்துவிடுங்கள். வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு.

கேள்வி: மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. பிரஷ் கட்டரை (நீண்ட தண்டின் நுனியில் பிளேடு சுழலும், புதர் வெட்டும் இயந்திரத்தை) ஒரு கையால் தாங்கி, சேதமில்லாத கையால் இயக்கலாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. பிளேடு கல்லிலோ வேரிலோ பட்டால் இயந்திரம் பக்கவாட்டில் எகிறும். அதை அடக்க இரண்டு கையின் பிடியும் முழுதாக வேண்டும். அதன் அதிர்வும் முறிந்த மணிக்கட்டுக்கு நல்லதல்ல. இரவில் விரல்கள் மரத்துப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக அது இருக்கலாம். பிடி பழையபடி திரும்பியதும், இரு தோளிலும் மாட்டும் பெல்ட்டோடு, பிளேடுக்குப் பதில் நைலான் நூல் தலையைப் பொருத்திச் சிறிது நேரம் மட்டும் தொடங்குங்கள். அப்போதும் பேட்டரியில் இயங்கும் சிறிய இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள், அதிர்வு குறைவு. குணமாகும் காலத்தில் கடன் வாங்கிப் புதிய இயந்திரம் எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் புல்தரையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தவர் இடுப்பு வட்டு விலகி ஓய்வில் இருக்கிறார். நல்ல மனிதர், அவரை விட மனமில்லை. ஆனால் புல் முழங்கால் நோக்கி வளர்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை

பதில்: இந்தக் கேள்வி வந்ததே எனக்கு மகிழ்ச்சி. அவரை விடாதீர்கள். வட்டு விலகியவர்களில் பெரும்பாலானோர் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நன்றாகத் தேறுகிறார்கள். முடிந்தால் ஒரு மாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, பிறகு சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒருவரை அவரே அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். தன் இடத்தைத் தானே நிரப்பிய நிம்மதி அவருக்கு இருக்கும்.

வளர்ந்த புல்லை ஒரே மூச்சில் தரையோடு வெட்டச் சொல்லாதீர்கள். இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு முறையில் எடுத்தால் புல்லின் பச்சைப் பகுதி போய், வெளுத்த தண்டு மட்டும் நிற்கும்; அந்த இடைவெளியில் களை புகும். முதலில் பிரஷ் கட்டரால் மேல் பகுதியை மட்டும் எடுத்து அள்ளிவிட்டு, நான்கைந்து நாள் இடைவெளியில் படிப்படியாக இறக்கினால் மூன்று நான்கு வெட்டில் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அதுவரை உரம் வேண்டாம், தண்ணீரையும் குறையுங்கள்.

அவர் திரும்பி வரும் முதல் மாதத்தில் குனிந்து சுமக்கும் வேலைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமண் நிரம்பிய தொட்டிகளை நகர்த்துவதும், உர மூட்டையைக் கேட்டிலிருந்து உள்ளே கொண்டுவருவதும் வேறு யாராவது செய்யட்டும். அவர் வரும் நாளுக்கு முந்தைய மாலையே தரையில் கிடக்கும் கற்களையும் விளையாட்டுச் சாமான்களையும் பொறுக்கி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள்.